தூளி கட்டிய சாக்கு

"மூட்டைகளை ஏற்றுங்கள், அதற்குப் பிறகு…" என்று பழைய மன்னர் துறைமுகத்தில் பேசியது கொற்றனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

இப்போது கொற்றன்தான் நிதி மந்திரி. கடலுக்கு அப்பால் இருந்த ஏழைத் தீவு ஒன்றுக்கு அவருடைய நாடு ஆண்டுதோறும் அரிசியும் விதைநெல்லும் அனுப்பிவந்தது. இந்த ஆண்டு அனுப்புவதா, நிறுத்துவதா என்று இப்போதைய மன்னர் அவரையே முடிவுசெய்யச் சொல்லிவிட்டார். தீவில் மழை இல்லை. காற்று திசை மாறுவதற்குள் கப்பல் கிளம்பாவிட்டால் அங்கே விதைக்க ஒன்றும் இருக்காது.

கொற்றன் தம் குருவைத் தேடிப் போனார். பெருந்தேவி அம்மை அவருக்கு முன்பு நிதி மந்திரியாக இருந்தவர். பதவியை விட்டதும் துறைமுகச் சாலையில் தண்ணீர்ப்பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வா கொற்றா. முதலில் குடி."

பானை வாயில் கட்டியிருந்த துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு சொம்பில் தந்தார். மந்திரி ஒரே மூச்சில் குடித்தார்.

"அம்மா, சபையில் உட்கார முடியவில்லை. தெற்குப் பாலம் உடைந்து கிடக்கிறது, ஊரான் தீவுக்கு அரிசியா என்கிறார்கள்."

"கேட்பது நியாயம்தானே. பாலத்தைக் கட்டு."

"கட்டத்தான் போகிறேன். அதற்கும் கஜானாவில் இருக்கிறது. என் மனம் ஆறாதது வேறு."

"சொல்."

"போன முறை தீவுக்குப் போன நம் தூதர் கண்ணால் பார்த்திருக்கிறார். மன்னரின் சிங்க முத்திரை பதித்த துணிச்சாக்கைப் பிரித்து, குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள். சிங்கத்தின் மேலேயே பிள்ளை படுத்து…"

"நனைக்கிறதா?"

"சிரிக்காதீர்கள் அம்மா. இதை யார் அனுப்பியது என்று தூதர் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை."

பெருந்தேவி பானையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பிடித்தார். பழைய, தடித்த நெசவு. நடுவில் மங்கிய நீலத்தில் ஏதோ ஓர் உருவம்.

"இது என்ன, பார்."

கொற்றன் குனிந்து பார்த்தார். "மீனா? கலப்பையா? எந்த நாட்டு முத்திரை இது?"

"எனக்கும் தெரியாது. கடல் ஏறி நம் கரையை அழித்த ஆண்டு, எங்கிருந்தோ ஒரு கப்பல் வந்ததாம். அரிசி கஞ்சியாகி முடிந்ததும் என் தாய் அந்தச் சாக்கில் எனக்குத் தூளி கட்டினாள்."

மந்திரி கையிலிருந்த சொம்பைப் பார்த்தார்.

"பயப்படாதே. நான் நனைத்ததெல்லாம் எப்போதோ துவைத்தாகிவிட்டது."

கொற்றனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடங்கியதும் கேட்டார். "அவர்களுக்கு நன்றி சொன்னீர்களா?"

"யாரிடம் போய்ச் சொல்ல? இந்தச் சாலையில் எல்லா நாட்டு மாலுமியும் வருகிறான். எந்த ஊர் என்று கேட்காமல் கொடுக்கிறேன். அவர்களில் ஒருவன் அந்த நாட்டுக்காரனாக இருக்கலாம்."

கொற்றன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மூட்டைகளை ஏற்றச் சொல்லிவிட்டுப் பழைய மன்னர் மேலும் என்னவோ சொன்னாரே. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என்ன அது?"

"மறந்துவிட்டது. கப்பல் கிளம்பியது நினைவிருக்கிறது."

மந்திரி துறைமுகத்துக்கு நடந்தார். மூட்டைகளை ஏற்றச் சொன்னார். முத்திரை வேண்டாம், சாக்குத் துணி மட்டும் மெத்தென்று இருக்கட்டும் என்றார்.