மூங்கில் வீட்டு மாப்பிள்ளைகள்

இருட்டியதும் மூங்கிலுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு நகத்தால் தட்டுவதுபோல் இருந்தது.

வெண்புள்ளி என்ற பெண் தவளை இலைக்கடியில் பதுங்கினாள். அது மாப்பிள்ளை கூப்பிடும் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயம். மூங்கில் தவளைகளின் வழக்கப்படி தாய் முட்டையிட்டுவிட்டு வெளியேறிவிட வேண்டும். குஞ்சு பொரியும்வரை காவல் தகப்பன் பொறுப்பு. போன மழைக்கு ஒருவனை நம்பி ஏழு முட்டைகளை விட்டுவந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது முட்டையும் இல்லை, அவனும் இல்லை.

இப்போது மறுபடி வயிறு கனத்திருந்தது. விடிவதற்குள் இடம் பார்த்தாக வேண்டும்.

மூங்கில் கீறலில் ஒரு தலை நீண்டது. காட்டிலேயே பெரிய குரல்காரனான, யார் குரலிலும் பேசக்கூடிய தண்டோரா.

"வாம்மா, வா. ஏற்கெனவே இரண்டு பேர் என்னை நம்பி விட்டுப் போயிருக்கிறார்கள். பத்து நாளாக வாசல் தாண்டவில்லை நான்."

"ஒருநாள்கூட வெளியே போகவில்லையா?"

"ஒரு கொசு பிடிக்கக்கூடப் போகவில்லை."

வெண்புள்ளி அவன் வயிற்றைப் பார்த்தாள். அது கீறலில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?"

"பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை கேள்வி?"

"முட்டைகளைக் காட்டுங்கள்."

"தூங்குகின்றன."

அவன் எதைத் தின்று பெருத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே தாவலில் அடுத்த மூங்கிலுக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒடிசல் இருந்தான். பெயருக்கேற்ற உடம்பு. குரலும் கம்மியிருந்தது.

"நீங்களும் பத்து நாளா?" என்றாள், சற்றுத் தள்ளியே நின்று.

"ஆறு நாள். பசி உயிர் போகிறது," என்று அவன் நகர்ந்து வழிவிட்டான்.

உள்ளே சுவரில் வேறொருத்தியின் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

வெண்புள்ளி அங்கேயே முட்டையிட்டாள். வெளியே வந்தாள். நாலு தாவு தாவியதும் மனசு கேட்கவில்லை. போன மழைக்காரனும் முதலில் நல்லவனாகத்தானே தெரிந்தான்? திரும்பி வந்தபோது கீறல் உள்ளிருந்து அடைபட்டிருந்தது. மூங்கிலைத் தட்டினாள்.

"திறங்கள். நான்தான், வெண்புள்ளி."

"குரல் அவளுடையதுதான். ஆனால் முட்டை தின்னும் அந்தத் தண்டோராவுக்கு எந்தக் குரலும் வரும்."

"பெற்றவளையே நம்பமாட்டீர்களா?"

"விடியட்டும், முகத்தைப் பார்த்து நம்புகிறேன். இப்போது போ தாயே, எனக்குத் தொண்டை வலிக்கிறது."

சொல்லிவிட்டு, எலும்பு துருத்திய தன் முதுகையே தாழ்ப்பாளாக்கி, ஒடிசல் உள்ளேயிருந்து வாசலை இன்னும் இறுக்கி அடைத்துக்கொண்டான்.

பெற்றவளுக்கே கதவு திறக்காத காவலனிடம்தான் பெற்றவள் பிள்ளையை விட்டுப் போகலாம்.