உளுந்துக்குட்டிக்குப் பிறையன் வைத்த விருந்து

நாவல்குளத்துக்கு மேற்கே ஒரு பாறைக்குகை. அதில் ஒரு கரடி குடியிருந்தான். நெஞ்சில் பிறை வைத்த மாதிரி வெள்ளை மயிர் இருந்ததால் அவனுக்குப் பிறையன் என்று பெயர். நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் பெரிசு.

போன மழைக்காலத்தில் அவனுடைய அண்ணன் செத்துப்போனான். பன்னிரண்டு வருஷம் ஒரே குகையில் ஒண்டிக் கிடந்தவர்கள். அதற்கப்புறம் பிறையன் வீடு திரும்பினால், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஒரு நாதி இல்லை. சில நாள் வாசலில் நின்றுகொண்டு, "வந்துட்டேன்!" என்று அவனே சொல்லிப் பார்ப்பான். அவன் குரலே பாறையில் முட்டித் திரும்பி வரும்.

அப்போதுதான் ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆனால் வெளியே அப்படிச் சொல்வானா? அத்திமரத்துக் குரங்கு தொங்கான் கேட்டதற்கு, "தேனடைக்குக் காவல் வேணும்டா! நீ கை வைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றான்.

"காவலுக்கு நாய்க்குட்டியா? மாமோய், குட்டிக்கே ஒரு காவல் போடணுமே!" என்று தொங்கான் கிளையில் ஊஞ்சலாடிச் சிரித்தான்.

பிறையன் முதலில் போனது நரியிடம். நரி காரைப்புதருக்குள்ளிருந்து ஒரு குட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டியது. அதற்குக் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"சுத்தமான வேட்டைச்சாதி அண்ணே! இப்பவே தூக்கிட்டுப் போங்க. அப்புறம் கெடைக்காது!"

"இதோட அம்மா எங்க?"

"அம்மா வெளியூர் போயிருக்குண்ணே."

"போன வாரம் வந்தவங்களுக்கும் வெளியூருன்னுதானே சொன்ன?"

நரி காதைச் சொறிந்துகொண்டது. பிறையன் நடையைக் கட்டினான். அந்த மட்டுக்கும் அவனுக்குப் புத்தி இருந்தது.

அங்கிருந்து நேரே நாவல்குளத்துக் கரைக்குப் போனான். அங்கே கயலி என்கிற நீர்நாய் இருந்தாள். நாய்க்குட்டிகளை முறையாகப் பார்த்து வளர்த்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பாள். வருஷத்துக்கு ஒரே ஈற்றுதான். அதற்கு மேல் தாய்க்கு ஆகாது என்பாள்.

"குட்டி வேணும் கயலி!"

"குட்டி இருக்கட்டும். மொதல்ல அம்மாவைப் பாருங்க மாமா."

நாணல் நிழலில் செம்பி என்ற நாய் படுத்திருந்தாள். மடியில் நாலு குட்டி. செம்பி தலையைத் தூக்கிப் பிறையனைப் பார்த்தாள். உறுமவில்லை. வாலை ஒரு தரம் தரையில் தட்டினாள்.

"செம்பி ஆட்டுமந்தை காத்தவ. குட்டிங்களோட அப்பன், மலைக்கு அந்தாண்டை இருக்கிற வேட்டைநாய். ரெண்டும் கலந்த குட்டிங்க. இதுல யாரு குணம் எந்தக் குட்டிக்கு எவ்வளவு எறங்கியிருக்குன்னு இப்பவே சொன்னா அது பொய். வளரட்டும், தெரியும். உங்களுக்குக் காவலுக்கா, தொணைக்கா?"

பின்னாலேயே வந்திருந்த தொங்கான் மேலே கிளையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பிறையன் நிமிர்ந்து நின்றான்.

"காவலுக்குத்தான்!"

கயலி அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சரமாரியாகக் கேட்க ஆரம்பித்தாள். பகல்ல எங்க போவீங்க? போனா எத்தனை நேரம்? குகை வாசல்ல பள்ளம் இருக்கா? நீங்க இல்லாதப்ப யாரு வந்து போவாங்க?

"குட்டி கேட்டு வந்தா குலம் கோத்திரமெல்லாம் கேக்குறியே!"

"குடுக்கிறது உசுரு மாமா. இன்னும் ரெண்டு தரம் வந்து சும்மா ஒக்காந்துட்டுப் போங்க. கையில தீனி வேண்டாம். எது தானா வருதுன்னு பார்ப்போம்."

பிறையன் வந்தான். நாணலோரம் அசையாமல் உட்கார்ந்தான். அவனுக்கு மூக்கில் ஈ மொய்த்தது, விரட்டவில்லை. மூன்று குட்டிகள் அவனைப் பார்த்துக் குரைத்துவிட்டுத் தாயிடம் ஓடின. நாலாவது ஒன்று கறுப்பு. ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. அது மெள்ள மெள்ள வந்து அவன் கால் நகத்தை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிவிட்டது.

பிறையன் அசையவில்லை. கால் மரத்துப்போனது. எடுக்கவில்லை.

"இதுதான் உங்களுக்கு. பேரு உளுந்து. குணம் சாது, ஆனா சத்தம்னா கொஞ்சம் பயம். பழகிட்டா உசுரையே குடுக்கும்" என்றாள் கயலி.

குட்டிக்கு அறுபது நாள் முடிந்து கூட்டிப்போகிற அன்று, செம்பி படுத்த பழஞ்சாக்கில் ஒரு துண்டைக் கயலி கிழித்துக் கொடுத்தாள்.

"இதுல அம்மா வாசனை இருக்கு. குட்டி இதும்மேலதான் தூங்கும். பத்து நாளைக்குத் தொவைக்காதீங்க. இங்க தின்ன கம்பங்கூழே அங்கேயும் குடுங்க. வேற பேரு வைக்காதீங்க. பத்து நாளைக்கு யாரையும் வரவிடாதீங்க. பத்தாம் நாள் நான் வந்து பார்ப்பேன். நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா ஓடி வாங்க. குட்டி உங்களுக்கு ஒத்துவரலைன்னாலும் எங்கிட்டத்தான் கொண்டு வரணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும் கயலி! கரடிக்குப் புள்ள வளக்கத் தெரியாதா?"

வழியெல்லாம் உளுந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தது. குகைக்குள் விட்டதும் கேட்டது:

"அம்மா எங்க?"

"இனிமே நாந்தான்!" என்றான் பிறையன். சந்தோஷத்தில் அவன் குரல் இடி மாதிரி இருந்தது. குட்டி சாக்குத் துண்டுக்கடியில் நுழைந்துகொண்டது.

இரண்டு நாள் சொன்னபடி நடந்தான். குட்டி கொஞ்சம் கூழ் குடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் காலுக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. அதோடு அவன் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குகைக்குப் புது உயிர் வந்தால் மூன்றாம் நாள் காட்டையே கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குட்டியைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி முகர்வார்கள். நாக்கில் தேன் தடவி, ஒரு பெரிய பேராக வைப்பார்கள். பிறையனுக்கு அப்படித்தான் செய்தார்கள். அவன் அண்ணனுக்கும் அப்படித்தான். விருந்து வைக்காவிட்டால், வந்த உயிரை வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

தொங்கான் வேறு மரத்திலிருந்து கிண்டினான். "என்ன மாமோய், விருந்து கெடையாதா? நோஞ்சான் குட்டின்னு மறைச்சு வெச்சிருக்கியா?"

"யாருடா நோஞ்சான்? நாளைக்கு வந்து பாருடா!"

கயலி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. 'அவ தண்ணியில கெடக்கிறவ. கரடி வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்?' என்று பிறையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் குகையைப் பெருக்கினான். சாக்குத் துண்டு வீச்சம் அடித்தது. நாலு பேர் வந்து போகிற இடத்தில் இது என்ன நாற்றம் என்று அதை ஓடையில் விட்டான். ஓடை அதை இழுத்துக்கொண்டு போனது.

வெயில் ஏறுவதற்குள் குகை நிறைந்துவிட்டது. காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது. மயில் வந்தது. தொங்கான் தன் கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு வந்தான்.

"இவ பேரு இன்னையிலேர்ந்து சிங்கம்!" என்று பிறையன் குட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"சிங்கமா! எங்க, ஒரு தரம் கர்ஜிக்கச் சொல்லு!"

குட்டி கைமாறிக் கைமாறிப் போனது. பன்றி முகர்ந்தது. மயில் அகவியது. குரங்குக்குட்டி ஒன்று மடிந்த காதை இழுத்துப் பார்த்தது. பிறையன் ஒரு விரல் நிறையத் தேனை உளுந்தின் வாயில் தடவினான். குட்டி நடுங்கியது. அந்த நடுக்கம் அவன் கைக்குத் தெரிந்தது. குளிர் போலிருக்கிறது என்று நினைத்தான்.

"கொரைக்கலையே மாமோய்! இதா காவல் காக்கப் போகுது?" தொங்கான் கைகொட்டிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறையனுக்கு மானம் போனது. குட்டியைக் கீழே இறக்கி, அதன் முகத்துக்கு நேரே குனிந்து, "கொரைடி!" என்று ஒரு அதட்டு அதட்டினான்.

குகை முழுக்க அந்த அதட்டல் எதிரொலித்தது. உளுந்து நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பிறகு ஓட்டமாக ஓடி, பின்சுவரில் இருந்த பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது. கரடியின் கை அதற்குள் போகாது.

விருந்தாளிகள் தின்றுவிட்டுப் போனார்கள். குட்டி வரவில்லை.

தேனும் கூழும் மாறி மாறிச் சேராமல் அதற்கு வயிறு கழிந்தது. இடுக்குக்குள்ளிருந்து முனகல் மட்டும் கேட்டது. "அம்மா." அவ்வளவுதான்.

"வெளிய வாம்மா. யாரும் இல்லம்மா" என்று பிறையன் கெஞ்சினான். கெஞ்சினாலும் கரடிக் குரல் கரடிக் குரல்தானே! அது கேட்கக் கேட்கக் குட்டி இன்னும் உள்ளே போனது. இடுக்கு வாசலில் கூழை வைத்துவிட்டு அவன் வெளியே போனால்தான் வந்து நக்கும். காலடி கேட்டால் மறுபடியும் இடுக்கு.

'ஏதாவது ஒண்ணுன்னா ஓடி வாங்க' என்று கயலி சொல்லியிருந்தாள். குளம் கூப்பிடு தூரம். நாலாம் நாளே போயிருக்கலாம். ஐந்தாம் நாள் கிளம்பிப் பாதி தூரம் போனான். நாவல்மரத்தில் தொங்கானின் வால் தெரிந்தது. "என்ன மாமோய், சிங்கத்தைத் திருப்பிக் குடுக்கவா?" என்று கேட்டுவிடுவானே! அப்படியே திரும்பிவிட்டான்.

பத்தாம் நாள் கயலி வந்தாள்.

"குட்டி நல்லாருக்கா மாமா?"

"அருமையா இருக்கு! இப்பத்தான் தூங்குது. நாளைக்கு வாயேன்."

"குட்டியைப் பார்க்காம நான் எந்த வீட்டுலேர்ந்தும் திரும்பினதில்ல" என்று சொல்லிக்கொண்டே கயலி உள்ளே போனாள். "உளுந்து" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

இடுக்கிலிருந்து ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு காது. பிறகு எலும்பும் தோலுமாக உடம்பு. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து கயலியின் கழுத்துக்கடியில் புகுந்துகொண்டது. அதன் வால் ஆடியதைப் பிறையன் ஏழு நாளைக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தான்.

"சாக்கு எங்க?"

பிறையன் ஓடைப் பக்கம் கையைக் காட்டினான்.

"யாராரு வந்தாங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் குரல் தானாகவே இறங்கியது. அப்படி ஒரு சன்னக் குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கயலி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எம்மேலயும் தப்பு இருக்கு மாமா. மூணு தரமும் உங்களைக் கொளத்தங்கரையில வெச்சே பார்த்தேன். அங்க நல்லாத்தான் ஒக்காந்திருந்தீங்க. இங்க வந்து பார்த்திருக்கணும். இந்தக் கொகையில ஒரு வார்த்தை பேசினா பத்து வார்த்தையா கேக்குது. இதைத் தெரிஞ்சுக்காமக் குடுத்துட்டேன்."

"இன்னும் பத்து நாள் குடு கயலி. யாரையும் விடமாட்டேன். நானே வாயைத் தொறக்கமாட்டேன்."

"உங்களுக்குப் பத்து நாள் குடுக்கலாம். இதுக்கு ஏது? இந்த வயசுல படிஞ்ச பயம் அப்புறம் போறது கஷ்டம். இப்பவே எடுத்துட்டுப் போனா ஒருவேளை போயிடும்."

"காவலுக்கு இல்ல கயலி!" என்றான் பிறையன் சட்டென்று. "தொணைக்குத்தான் கேட்டேன்."

"தெரியும் மாமா. அதனாலதான் இதைக் குடுத்தேன்."

உளுந்தை வாயில் மெதுவாகக் கவ்விக்கொண்டு கயலி இறங்கிப் போனாள். குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வது என்று பிறையனுக்கும் தெரியவில்லை.

அடுத்த ஈற்றில் வரச்சொல்லிக் கயலி இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். அவன் போகவில்லை. உளுந்தை யாருக்குக் கொடுத்தாள் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டான். கிழக்குப் புல்வெளியில் தனியாக இருந்த ஒரு கிழட்டு மிளாமான் கூட்டிப்போயிருந்தது. அது பேசுவதே அபூர்வம்.

ஒரு வருஷம் போனது. ஒரு காலையில் பிறையன் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தான். கரையில் ஒரு கறுப்பு நாய். திமிறிக்கொண்டு நிற்கும் உடம்பு. ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. சற்றுத் தள்ளி மிளாமான் மேய்ந்துகொண்டிருந்தது.

பிறையனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தன்னைப் பார்த்தால் அது பயந்து ஓடுமே என்று பின்வாங்கினான். அதற்குள் நாய் பார்த்துவிட்டது. ஓடவில்லை. வாலை ஆட்டியது!

"வாங்க மாமா! தண்ணி குடிக்கவா? இந்தப் பக்கம் சேறு. அப்படிக்கா எறங்குங்க."

"என்னைத் தெரியுதா பாப்பா?" அவன் மிகமிக மெதுவாகக் கேட்டான்.

நாய் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "தெரியலையே மாமா! நீங்க எந்தப் பக்கம்?"

"மேற்கால. பாறைப் பக்கம்."

"அப்படியா! அந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல."

மிளாமான் நிமிர்ந்து பார்த்தது. நாய் ஒரே தாவில் அதனிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டும் புல்வெளிக்குள் நடந்து மறைந்தன.

பிறையன் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நின்றான். குட்டி பயத்தை மறந்திருந்தது. அது போதும் என்று நினைத்தான். கூடவே அவனையும் மறந்திருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

புதிதாக வந்த உயிரின் பயத்தைப் பார்க்காமல் நம் ஆசையைக் கொண்டாடினால், அது நம் வீட்டுக்குள் வந்தும் நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.