மூன்று மென்பொருள்களும் ஒரு பச்சைப் பொத்தானும்

"இந்த மூணுல எது உடையாது, அம்மிணி?"

சென்னியப்பன் ஒரு தாளை ஜெஸிந்தாவின் மேசைமேல் வைத்தார். தாளில் மூன்று பெயர்கள். மூன்றும் இணையதளம் நடத்துவதற்கான மென்பொருள்கள். மூன்றும் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஈரோட்டில் தளம் முடங்கிப்போனவர்கள் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவளும் லேசில் பதில் சொல்லிவிட மாட்டாள்.

"மூணுமே உடையுமுங்க."

"அப்ப எது நல்லது?"

"மூணுமே நல்லதுதானுங்க."

கேலி செய்கிறாளோ என்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒன்றுமில்லை.

நடந்ததைச் சொன்னார். வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புவது அவர் தொழில். அப்பா பெயரில் நாச்சிமுத்து ஆக்சிஜன். போன மாசம் கண்காணாத எவனோ தளத்துக்குள் புகுந்து, கடை நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டுவிட்டான். பவானியில் ஒரு மனிதர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். கேட்ட பணத்தை அனுப்பினார். வாசலில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள்.

"எழவுக்குப் போயிருந்தேன். அந்தாளு என்னை ஒரு வார்த்தை வையல. ஏனுங்க வண்டி வரலைன்னு மட்டும் கேட்டாரு."

ஜெஸிந்தா தளத்தின் உள்பக்கத்தைத் திறந்தாள். செய்யாமல் விட்ட அப்டேட் நாற்பத்தொன்று என்று சிவப்பில் காட்டியது. மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை; புகுந்தவனுக்கு அதுவே வாசல்.

"அப்டேட் வேண்டாம்னு யாருங்க நிறுத்துனது?"

அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். முகப்பில் அப்பாவின் படம், மாலை போட்டு. படத்துக்குக் கீழே ஒரு தீபம் அசைந்து அசைந்து எரியும். அந்தத் தீபத்துக்கென்றே தனியாக ஒரு பிளகின், அதாவது ஒட்டு மென்பொருள், போட்டிருந்தார்கள். ஒருமுறை அப்டேட் செய்தபோது தீபம் அணைந்துபோனது. அம்மா அதைப் பார்த்து அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. தளம் செய்து கொடுத்த ஆளைக் கூப்பிட்டு, தீபத்தை ஏற்று, இனிமேல் எதையும் தொடாதே என்று சொல்லியாயிற்று.

"நாந்தான் சொன்னேன்."

இப்போதே தளத்தை மூடிவைத்துவிடலாம் என்றாள் அவள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுக்குத் தவிக்கிற சனம் வந்து தேடுவதே இங்கேதான்; மூடினால் இன்னொரு உயிர் போகும் என்றார். எழவுக்குப் போய் வந்த அன்றைக்கே உட்கார்ந்து நம்பரைத் தன் கையால் சரிசெய்துவிட்டாராம்.

"புதுசு வர்ற வரைக்கும் இது ஓடட்டும். நீ எதுன்னு மட்டும் சொல்லு."

"நம்பரை மாத்துனீங்க. உள்ள வந்தவன் வெளிய போயிட்டானான்னு பார்த்தீங்களா?"

"அவனை எங்க போயிப் பாக்கறது? நம்பர் சரியா இருக்குது. வேணும்னா நீயே பாரு."

ஜெஸிந்தா தன் கைபேசியில் அவருடைய தளத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அதற்கடியில் 'உடனே அழைக்க' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

"அதை அழுத்துங்க."

அழுத்தினார்.

மணி அடித்தது. கடையின் போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அது சும்மா கிடந்தது.

இன்னும் இரண்டு முறை மணி அடித்தது. பையைத் தொட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தும் பார்த்தார்.

மறுபக்கம் எடுத்தார்கள். இளங்குரல். நல்ல மரியாதையான குரல்.

"நாச்சிமுத்து ஆக்சிஜனுங்க. யாருக்குங்க மூச்சு முட்டுது?"

சென்னியப்பன் கைபேசியை உள்ளங்கையால் பொத்தினார்.

"தளத்தை மூடிரு அம்மிணி," என்றார்.

உள்ளங்கைக்குள் அந்தக் குரல் விலாசம் கேட்டது.