பரிசலில் ஒரு காலி இடம்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்துக்கு இந்தப் பக்கம் நாப்பத்து மூணு வீடு, ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பக்கத்துலருந்து எட்டுப் பிள்ளைங்க பரிசல்ல ஏறிப் படிக்க வருவாங்க. ம் சொல்லு கண்ணு.

ம்.

அந்த எட்டுல ஒருத்தி பவுனு. அவளோட உசிருக்கு உசிரான கூட்டாளி இந்தக் கரை மரகதம், பதிமூணு வயசு. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்துல பேச்சு மன்றம் நடக்கும். மரகதம் பேசவே மாட்டா. மணி அடிக்கிற வேலையை வாங்கிக்குவா. மூணு நிமிஷம் ஆச்சா, டிங்! மத்தபடி, யார் என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா.

அப்புறம் ஒருநாள் பரிசக்காரர் வீரணன், "திங்கக்கிழமையிலருந்து சாயங்கால நடை கிடையாது. மத்தியானத்தோட சரி"ன்னுட்டாரு. பவுனோட அப்பா, "அரைநாள் படிப்புக்கு எதுக்குப் போகணும்? வீட்டுல இரு"ன்னுட்டாரு. மரகதத்துக்குச் சோறு இறங்கல.

"ஊர்க்கூட்டத்துல நீ கேளேன்டி"ன்னா பவுனு.

"நானா? எனக்கு மணி அடிக்கத்தான் தெரியும்."

"அப்போ என் படிப்புக்கும் மணி அடிச்சுடு!"

அந்த ஊர்ல பதிமூணு வயசானா கூட்டத்துல பேசலாம். ஆனா ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தரை எதிர்த்துப் பேசணும்னா, முதல்ல அவர் மனசுல இருக்கறதை அவரே தலையாட்டற மாதிரி எடுத்துச் சொல்லணும். மூணு தடவை பாக்கலாம். மூணும் தப்பாப் போனா உக்காந்துடணும். கேக்கறியா?

ம்.

ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம். மரகதம் எந்திரிச்சா.

"மாமா, உங்களுக்கு... சோம்பல்."

கொல்லுன்னு சிரிப்பு. வீரணன் மீசை துடிச்சுது. "நாலு மணிக்கு எந்திரிக்கறவன் நான்! சோம்பலாம்ல!"

"ஒண்ணு போச்சு"ன்னாங்க தலைவி நாச்சம்மா.

"தோள் வலி, மாமா?"

"இன்னும் ரெண்டு ஆத்தைக் கொண்டா, தாண்டிக் காட்டறேன்."

"ரெண்டும் போச்சு. யோசிச்சுச் சொல்லு தாயி."

மரகதம் கண்ணை மூடிக்கிட்டா. சாயங்காலம் பரிசல் ரெண்டு நடை போகும்; பவுனு எப்பவும் ரெண்டாவது நடையிலதான் போவா. அக்கரையில இறங்கி "கூ"ன்னு குரல் கொடுக்கற வரைக்கும் மரகதம் இந்தக் கரையிலயே நிப்பா. அப்போ பொழுது சாஞ்சிருக்கும். வீரணன் வெறும் பரிசல்ல திரும்பி வருவாரு. வரும்போது துடுப்பால விளிம்பைத் தட்டிக்கிட்டே வருவாரு. டொக். டொக். டொக். பிள்ளைங்க கூட இருக்கும்போது அந்தச் சத்தமே இருக்காது.

அவ வீரணன் பக்கத்துல போயி மெதுவாச் சொன்னா. "மாமா, பிள்ளைங்க கூட இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமில்ல. இருட்டுற நேரத்துல தனியாத் திரும்பி வரணுமே, அதான் கஷ்டம். எனக்கும் அப்படித்தான். இந்தக் கூட்டத்துல தனியா நிக்கவே பயமா இருக்கு."

வீரணன் குனிஞ்சு கையைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா... மெதுவா... தலை ஆடிச்சு.

"இப்போ உன் பேச்சு"ன்னாங்க நாச்சம்மா.

"பரிசல்ல மாமாவைத் தவிர அஞ்சு பேர் உக்காரலாம். எட்டுப் பேரும் நாலு நாலாத்தான் போறோ... போறாங்க. ஒரு இடம் காலி. ரெண்டாவது நடையில அதுல நம்ம ஊர்ப் பெரியவங்க ஒருத்தர் உக்காந்து போகட்டும். மாமாவோட பேசிக்கிட்டே திரும்பி வரட்டும். நாப்பத்து மூணு வீடு, ஒரு நாளைக்கு ஒரு வீடு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகல.

வீரணன் தொண்டையைச் செருமினாரு. "வர்றவங்க வாய் மூடாமப் பேசணும். சம்மதம்னா நடை உண்டு."

"முதல் நாள் நானே வர்றேன்"ன்னாங்க நாச்சம்மா. "என்னை நிறுத்த மணியே பத்தாது!"

திங்கக்கிழமை பொழுது சாஞ்சுது. அக்கரையிலருந்து பவுனு "கூ"ன்னா. மரகதம் வீட்டுக்குப் போகல, காதைத் தீட்டிக்கிட்டு நின்னா. டொக் டொக் கேக்கவே இல்ல. ரெண்டு பேரு சிரிக்கற சத்தம்தான் தண்ணி மேல வந்துச்சு.

கண்ணு? ம் சொல்லு...

சரி. பரிசலும் கரை சேந்துடுச்சு, கதையும் கரை சேந்துடுச்சு. நீ தூங்கு.