நாவல்திட்டு மகாராஜ்யமும் நகக்கீறல் ஓலையும்

ஒரு பெரிய ஏரி. ஏரியின் நடுவில் ஒரு மண்திட்டு. திட்டின் மேல் ஒரே ஒரு நாவல் மரம். மரத்தடியில் ஒரு பெருச்சாளிக் குடும்பம், பத்துப் பதினைந்து நண்டுகள், ஏகப்பட்ட தவளைகள், ஒரு ஜோடி கானாங்கோழி. ஜனத்தொகை அவ்வளவுதான். ஒரு தவளை நாற்பது தாவல் தாவினால் திட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

அந்தப் பெருச்சாளியின் பெயர் தொப்பையன். ஒருநாள் அவன் நீந்திக் கரையேறிக் காட்டின் மகாசபைக்குப் போனான். புலிராஜா கூட்டும் சபை. நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

சபையின் காரியதரிசி நரி ஓடிவந்தது. "யாரப்பா நீ? எந்த நாட்டுப் பிரதிநிதி?"

"நாடா? நான் ஏரித் திட்டுலேர்ந்து வரேன்!"

"முன்வரிசை நாட்டுக்காரங்களுக்கு! திட்டுக்காரன் எல்லாம் வாசல்ல நில்லு!"

பக்கத்தில் இருந்த குரங்குகள் சிரித்தன. தொப்பையன் விருட்டென்று எழுந்தான். திரும்ப நீந்தி வந்தான். வால் காயும் முன்பே நாவல் மரத்து வேர் மேல் ஏறி நின்று முழங்கினான்.

"எல்லாரும் கேளுங்க! இன்னையிலேர்ந்து இது திட்டு இல்லை! நாவல்திட்டு மகாராஜ்யம்! நான் தொப்பையன் இல்லை! மாமன்னர் பூமிநாதர்!"

தவளைகள் கத்தின. தவளை எதற்குத்தான் கத்தாது? மாமன்னர் அதை ஜனங்களின் ஏகமனதான சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சரி, நாடு பிறந்தாயிற்று. ஆனால் அது பிறந்த சேதி வெளியே ஒருத்தருக்கும் தெரியாதே! மன்னர் கானாங்கோழி வெள்ளச்சியிடம் வந்தார். அவள் அப்போதுதான் நாணல் கூட்டில் நாலு முட்டை இட்டு, மேலே உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளச்சி! இனி நீதான் நம்ம ராஜ்யத்தின் தூதர்! புலிராஜாகிட்ட போ. நம்மை ஒரு நாடுன்னு ஒப்புக்கிட்டு நகக்கீறல் போட்ட ஓலை வாங்கிட்டு வா!"

"நான் அடைகாத்துக்கிட்டு இருக்கேனே, தொப்பையண்ணே!"

"அண்ணே இல்லை, மகாராஜா! இந்த நாட்டுல இறக்கை இருக்கிறது உனக்கும் உன் புருஷனுக்கும்தான். அவனுக்கு நாலு பேர் முன்னால பேச வராது."

அது உண்மைதான். அவள் புருஷன் சடையன் வெட்கப்பட்டு நாணலுக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

வெள்ளச்சி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து எல்லாரும் அவளை "ஏ, கோழி!" என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். 'தூதர்' என்ற சொல் காதில் விழுந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்துவிட்டது. முட்டைகளைச் சடையனிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்சம் பறந்தும் கொஞ்சம் ஓடியும் புலியின் குகைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் நரி எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறாளே என்று அதற்கு எரிச்சல்.

"ஒப்புக்கணுமா? சரி. எங்க தூதர் அங்கே வந்தா தங்க இடம் இருக்கா?"

"இல்லைங்களே!"

"தூதர் தங்க ஒரு இடம் இல்லாத நாட்டை எப்படிம்மா நாடுன்னு ஒப்புக்கிறது? போ, போ! அதை முதல்ல செஞ்சுட்டு வா!"

அவளை விரட்டத்தான் நரி அப்படிச் சொன்னது. சொன்ன மறுநிமிஷமே மறந்தும் போனது. ஆனால் வெள்ளச்சி அதை அட்சரம் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தாள்.

மாமன்னருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா! பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிருச்சு! புலிக்கு மட்டும் ஏன்? எல்லா நாட்டுக்கும் தூதர் மாளிகை கட்டுவோம்!"

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். தூக்கணாங்குருவி கட்டினால் மேலே கட்டும். பெருச்சாளிக்குக் கட்டுவது என்றாலே தோண்டுவதுதான். மன்னரும் மகாராணியும் எட்டு இளவரசர்களும் இறங்கிப் பறித்தார்கள். புலிக்கு ஒரு வளை, குரங்குக்கு ஒரு வளை, கரடிக்கு, மானுக்கு, மயிலுக்கு என்று பதினோரு வளைகள். குறுக்கே வந்த நாவல் வேரையெல்லாம் கடித்துத் துப்பினார்கள். யானைக்கு மட்டும் திட்டின் கால்வாசியைக் குடைந்தார்கள்.

நண்டு கொடுக்காயி இதைப் பார்த்துப் பதறிப்போய் வந்தாள். "யோவ் மன்னரே! யானை எப்படிய்யா இதுக்குள்ள வரும்?"

"வராது. ஆனா நாங்க இடம் குடுத்தோம். வராதது அவங்க குத்தம்!"

"நானே நண்டு! என் பொழைப்பே ஓட்டை போடுறதுதான்! நானே சொல்றேன், ஓட்டை போதும்யா! தண்ணி ஏறினா திட்டு கரைஞ்சிடும்!"

"ராஜதந்திரம் தெரியாத நண்டு! ஓரமாப் போ!"

கொடுக்காயி வெள்ளச்சியைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்டி! உன் முட்டை அந்த மரத்தடியிலதானே இருக்கு?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது கொடுக்காயி! பெரிய இடத்து விவகாரம்!" என்றாள் வெள்ளச்சி.

அடேயப்பா! பேச்சைப் பாருங்கள்!

வெள்ளச்சி புலியின் குகைக்கு நாள்தோறும் நடையாய் நடந்தாள். யானைக் கூட்டத்துத் தலைவியிடமும் போனாள். தலைவி தும்பிக்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தத் திட்டா? நான் முதுகு தேய்க்கப் போனாலே உங்க நாடு காணாமப் போயிடுமே, கோழி!"

மன்னரிடம் வந்து வெள்ளச்சி சொன்னது வேறு. "தலைவி ரொம்ப சந்தோஷமாப் பேசினாங்க, மகாராஜா! நம்ம நாட்டு எல்லையைப் பத்தி எல்லாம் விசாரிச்சாங்க!"

பிறகு மலைக்குரங்குகள் வந்தன. தூதுக்குழு என்று சொல்லிக்கொண்டு பதினேழு பேர், மரத்துக்கு மரம் கிளை தாண்டி, கடைசியில் மிதக்கும் கட்டையில் ஏறி வந்தார்கள். ஒன்பது நாள் நாவல் மரத்தின் மேல் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தினார்கள். பத்தாம் நாள் மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. "பரிசீலிக்கிறோம்!" என்று சொல்லிவிட்டுக் கொட்டையைத் துப்பியபடியே போய்விட்டார்கள்.

அப்படியும் ஒரு நாடு ஒப்புக்கொள்ளத்தான் செய்தது. எது தெரியுமா? ஏரிக்கரையில் இருந்த கரையான் புற்று! அதுவும் போன மாதம்தான் தன்னைத் தானே குடியரசு என்று அறிவித்திருந்தது. அதையும் இதுவரை யாரும் சட்டை செய்யவில்லை.

"நீங்க எங்களை ஒப்புக்குங்க, நாங்க உங்களை ஒப்புக்கிறோம்! எங்க தூதரகம் உங்க நாவல் மரத்துக்குள்ள இருக்கணும். அது ஒண்ணுதான் நிபந்தனை!" என்று கரையான்கள் சொல்லி அனுப்பின.

மன்னருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. கரையான் தூதரகத்தின் அலுவலர்கள் ஒரே கட்டையில் மிதந்து வந்து இறங்கினார்கள். நாற்பதாயிரம் பேர். அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். விருந்துக்கு வா என்று யாரும் அவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வானம் கறுத்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஏரி ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை ஏறியது. சடையன் கூட்டில் உட்கார்ந்தபடி மண் நழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். முட்டைகளுக்குள் குஞ்சுகள் கொத்தத் தொடங்கியிருந்தன.

"வெள்ளச்சி! புலிராஜா கடைசியா ஒருதடவை பேசச் சம்மதிச்சிருக்காராம்! கிளம்பு!" என்று மன்னர் வந்து நின்றார்.

அன்றுதான் சடையன் வாயைத் திறந்தான். "இன்னைக்கு மட்டும் போகாதே வெள்ளச்சி. பிள்ளைங்க வெளிய வரப்போறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். மன்னர் குனிந்து, "உன் பிள்ளைங்க ஒரு திட்டுக் கோழிக்குப் பொறக்கணுமா? ஒரு மகாராஜ்யத் தூதருக்குப் பொறக்கணுமா? நீயே யோசிச்சுக்க!" என்றார்.

அவள் யோசித்தாள். தப்பாகத்தான் யோசித்தாள். மழையில் நனைந்துகொண்டே குகைக்கு ஓடினாள்.

குகைக்குள் புலி படுத்திருந்தது. நரி அதன் காதருகே குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தது. மழை இரைச்சலில் வாசலில் ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"ஒரு கீறல் போட்டுக் குடுத்துடுங்க ராஜா! தினம் தினம் வந்து உயிரை வாங்குறா!"

"அப்புறம் அந்தப் பெருச்சாளி முன்வரிசையில வந்து உட்கார்ந்துக்குவானேடா!"

"எங்கே வரப்போறான்? நான் கரையிலேர்ந்து பார்த்தேன். திட்டு பூரா சல்லடை. மரத்தைக் கரையான் தின்னுருச்சு. இன்னைக்குப் பெய்யிற மழைக்கே தாங்காது. இல்லாமப் போகப்போற நாட்டை ஒப்புக்கிறதுல நமக்கு என்ன போச்சு?"

புலி கொட்டாவி விட்டது. ஒரு தேக்கிலையை இழுத்து, நகத்தால் மூன்று கீறல் கீறி, வெளியே தள்ளியது.

வெள்ளச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இத்தனை நாள் ஏங்கிய ஓலை காலடியில் கிடந்தது. அதை எடுத்து அலகில் கவ்வினாள். பழக்க தோஷம்! ஆனால் அவள் மனசில் ஓலை இல்லை, நாலு முட்டைதான் இருந்தது. பறக்கத் தெரிந்த அளவெல்லாம் பறந்தாள். முடியாத இடத்தில் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள்.

ஏரிக்கரையில் வந்து பார்த்தால் திட்டில் பாதியைக் காணோம். பதினோரு தூதர் மாளிகைகளிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் புகுந்திருந்தது. வேறு எந்த நாட்டிலும் இத்தனை விருந்தாளிகள் ஒரே நாளில் வந்ததில்லை. நாவல் மரம் சாய்ந்து, வேர் மேலே தெரிந்தது. கரையான் தூதரகம் தன் அலுவலர்களோடு கட்டையில் ஏறி ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

வெள்ளச்சி தண்ணீருக்கு மேல் தட்டுத் தடுமாறிப் பறந்து போனாள். மிதக்கும் நாணல் படுகை ஒன்றின் மேல் சடையன் நின்றிருந்தான். அவன் காலடியில் கறுப்பாக இரண்டு குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் இல்லாத நேரத்தில் நாலும் பொரிந்துவிட்டன.

"ஒண்ணு போயிடுச்சு வெள்ளச்சி! என் கண் முன்னாலயே போயிடுச்சு!" என்று சடையன் கதறினான். "இன்னொண்ணு அதோ!"

உடைந்த கூட்டின் ஓரத்தில், கரைந்துகொண்டிருந்த மண்ணின் மேல் கடைசிக் குஞ்சு நின்றது. அதற்கு அவளை யாரென்றே தெரியாது. ஆனாலும் அவளைப் பார்த்து வாயைத் திறந்து கத்தியது. கொடுக்காயி ஒரு கொடுக்கால் வேரையும் மறு கொடுக்கால் குஞ்சின் காலையும் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாடி! என் கை கழலுது!" என்று அலறினாள்.

வெள்ளச்சி கீழே பாய்ந்தாள். குஞ்சைத் தூக்க அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அலகு. அந்த அலகில் ஓலை இருந்தது.

மரத்தின் உச்சிக்கிளையில் குடும்பத்தோடு தொங்கிக்கொண்டிருந்த மாமன்னர் அதைப் பார்த்துவிட்டார். "ஓலை! நகக்கீறல் ஓலை! வெள்ளச்சி, வாயைத் திறக்காதே! அதை விட்டுடாதே! அதுதான் நம்ம நாடு!"

வெள்ளச்சி வாயைத் திறந்தாள். ஓலை விழுந்தது. குஞ்சை அப்படியே கவ்விக்கொண்டு எழும்பினாள். அந்த மண் அடுத்த நொடியே தண்ணீருக்குள் போனது. கொடுக்காயி பின்னாலேயே நீந்தி நாணல் படுகைக்கு வந்து சேர்ந்தாள்.

மாமன்னர் ஓலைக்குப் பின்னால் தண்ணீரில் குதித்தார். மகாராணி, "அடப் பாவி மனுஷா, பிள்ளைங்களைப் பிடி!" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. முங்கி முங்கி எழுந்து ஓலையைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தபோது மரமும் போயிருந்தது. ராணியும் இளவரசர்களும் அவரை எதிர்பார்க்காமல் தாங்களாகவே நீந்திக் கரையேறிவிட்டிருந்தார்கள். ஏரி ஒரு கரையிலிருந்து மறுகரைவரை வெறும் தண்ணீராகக் கிடந்தது.

அவர் ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு நாணல் படுகைப் பக்கம் மிதந்து வந்தார். ஓலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று கீறலும் பளிச்சென்று தெரிந்தன.

"வெள்ளச்சி! பாரு! நம்மை ஒப்புக்கிட்டாங்க! நாம நாடாயிட்டோம்!"

வெள்ளச்சி திரும்பவில்லை. மூன்று குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டிருந்தாள். நாலாவதன் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தையும் சேர்த்தே அணைத்தபடி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நம்மன்னா யாருய்யா?" என்று கேட்டாள் கொடுக்காயி.

ஓலையைத் தூக்கிப் பிடித்தபடியே தொப்பையன் மிதந்து போனான். தவளைகள் கத்தின.

தன் காலடி மண்ணைக் காப்பாற்றத் தெரியாதவன், ஊரெல்லாம் அலைந்து பெருமையை எழுதி வாங்கி வந்தாலும், அதை வைக்க அவனுக்கு ஓர் இடம் மிஞ்சாது.