நெட்டை மூங்கிலும் குட்டைக் குடுக்கையும்

ஆற்றங்கரை மருதமரத்தின் வேர்ப் பொந்தில் சடையன் என்ற எலியும் அவன் மனைவி நாச்சியும் குட்டிகளோடு குடியிருந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடந்த தினையைப் பொறுக்கிப் பொந்துக்குள் குவித்திருந்தார்கள்.

மேற்கே மேகம் கறுத்தது. வெறும் தரையில் கிடந்தால் தினை ஈரம் பட்டு முளைத்துவிடும். அப்புறம் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான்!

அன்று ஆறு இரண்டு பொருள்களைக் கரையில் ஒதுக்கியிருந்தது. ஒன்று, நெட்டையான மூங்கில் குழாய். மற்றொன்று, குட்டையாக வயிறு பருத்த சுரைக்குடுக்கை. சடையனும் நாச்சியும் ஓடிப்போனபோது பக்கத்து வளைப் பெருச்சாளி வீரணனும் அங்கே வந்து நின்றான். அவனிடம் இருந்ததோ கொஞ்சம் தினைதான். ஆனாலும் குடுக்கைமேல்தான் கண்!

"தம்பி, நீ குடும்பஸ்தன்! பெரியதை நீயே எடுத்துக்கொள். மூங்கிலைப் பார், எவ்வளவு உயரம்!" என்றான் வீரணன்.

சடையனுக்கு வாயெல்லாம் பல். "உங்களுக்குப் பெரிய மனசு, அண்ணே!"

நாச்சி அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, அவசரப்படாதீங்க! இந்த நத்தை ஓட்டால மணலை அள்ளிப் போட்டு, எது அதிகம் கொள்ளுதுன்னு பார்த்துடலாம்."

"மழை தலைக்கு மேல நிக்குது, மணல் விளையாட்டா? நெட்டை எது, குட்டை எதுன்னு என் கண்ணுக்குத் தெரியாதா?"

மூங்கிலை வீட்டுக்கு இழுத்துவந்து தினையைக் கொட்டினார்கள். வெளியே தடியாகத் தெரிந்த மூங்கிலுக்கு உள்ளே இடம் ஒடுக்கம். குவியலில் பாதிகூடக் குறையவில்லை, அதற்குள் வாய்வரை நிரம்பிவிட்டது! சடையன் குலுக்கினான், தட்டினான், காலால் அமுக்கினான். ஒரு மணி கூட மேற்கொண்டு இறங்கவில்லை.

முதல் தூறல் விழுந்தது. சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"உட்கார்ந்தா ஆச்சா? எழுந்திரிங்க!" என்று நாச்சி அவனை வீரணன் வளைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே வேறு கூத்து! குடுக்கை வளை வாசலில் சிக்கிக்கொண்டிருந்தது. வீரணன் முட்டித் தள்ளினான். மண் உதிர்ந்ததே தவிர, குடுக்கை நுழையவில்லை. குடுக்கைக்குள் அவன் போட்டிருந்த தினை அதன் அடிப்பாகத்தைக்கூட மூடவில்லை.

"ஏமாத்தினீங்களே அண்ணே!" என்று சடையன் சீறினான்.

"சண்டை அப்புறம், மழை இப்போ!" என்றாள் நாச்சி. "அண்ணே, உங்க தினைக்கு மூங்கிலே போதும். வளைக்குள்ளேயும் நுழையும். மாத்திக்கலாமா?"

வீரணன் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டினான். "மாத்திக்கலாம் தாயே!"

நாச்சி குடுக்கையை உருட்டப்போனாள். "நில்லு!" என்று கத்தினான் சடையன். ஒரு நீளப் புல்லைக் கிள்ளிக் குடுக்கையின் வயிற்றுக்குக் குறுக்கே பிடித்தான். அதே புல்லை எடுத்துக்கொண்டு ஓடித் தன் பொந்தின் வாசலில் வைத்துப் பார்த்தான். "நுழையும் நாச்சி, நுழையும்!" என்று குதித்தான்.

பெருமழை கொட்டத் தொடங்கியபோது, கடைசி மணிவரை எல்லாத் தினையும் குடுக்கைக்குள் இருந்தது. பக்கத்து வளையில் வீரணனின் மூங்கிலும் பத்திரமாகச் சாய்ந்திருந்தது.

உயரத்தையும் பருமனையும் கண்டு மயங்காதே. எவ்வளவு கொள்ளும், எங்கே வைப்போம் என்று அளந்து பார்த்த பிறகே எதையும் எடு.