திரைக்கு முதுகு காட்டிய நாற்காலி

தூத்துக்குடியில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு உலக சினிமா போடுவார்கள். பதினைந்து பேர் வருவார்கள். படம் இரண்டு மணி நேரம் என்றால் அதைப் பற்றிய சண்டை மூன்று மணி நேரம் நடக்கும். பாதிப் பேர் சண்டைக்காகவே வந்தார்கள்.

நடத்தியவர் மரகதவல்லி. சென்னையில் பதினெட்டு வருடம் எடிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, பார்க்க வந்தவர்களைப் பார்த்து உட்காருவார். எடிட்டர்களுக்கு இப்படி ஏதாவது கிறுக்கு இருக்கும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அவரிடம் சினிமா கற்றவன் நான் என்று சொல்லிக்கொள்பவர் ராயப்பன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். அவருக்குத் தெய்வம் ஒரு ஹங்கேரி இயக்குநர். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் சங்கரபாண்டியனுக்கோ ஓர் ஈரான்காரர். இருவரும் பன்னிரண்டு வருடமாக விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அவர்களுடைய திரைப்பட விழா. மூன்று நாளும் ஒரே இயக்குநரின் படங்கள்தான். யாருடைய படங்கள் என்று வருகிற ஞாயிறு கைதூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. தோற்றால் இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று ராயப்பன் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போக வேறு இடமில்லை.

அதற்கு முந்தைய ஞாயிறு, படம் தொடங்கும் முன் குருவிடம் போனார்.

"மேடம், நீங்களே சொல்லிருங்க. ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?"

"இன்னைக்கு என் நாற்காலில உக்காருங்க சார்" என்றார் மரகதவல்லி.

அன்று ஹங்கேரிக்காரரின் படம். ராயப்பன் ஒன்பது முறை பார்த்தது. அதனால் நஷ்டமில்லை என்று உட்கார்ந்தார்.

முதலில் அலுப்பாக இருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் போனைப் பார்த்தார். பிறகு அந்தக் காட்சி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கிழவன் தன் மனைவியின் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பான். ஆறு நிமிடம். வசனம் கிடையாது. இதைத்தான் சங்கரபாண்டியன் செருப்பு பாலீஷ் விளம்பரம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

திரை வெளிச்சத்தில் ராயப்பன் சங்கரபாண்டியனின் முகத்தைப் பார்த்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். கைக்குட்டைகூட எடுக்கவில்லை. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

விளக்கு போட்டதும் சங்கரபாண்டியன் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். வழக்கம்போல எழுந்து, இந்த ஆள் படத்தைத் தூக்க மாத்திரைக் கடையில் விற்கலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பன் மட்டும் அன்று சண்டைக்குப் போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவருக்கு.

கூட்டம் கலைந்ததும் மரகதவல்லியிடம் ஓடினார். பார்த்ததைச் சொன்னார். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் இதைப் போட்டு உடைக்கப்போவதாகவும், அதோடு ஈரான்காரர் கதை முடிந்தது என்றும் சொன்னார்.

மரகதவல்லி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அழுதாரு?"

ராயப்பன் இதற்குத்தான் காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். அந்தக் காட்சியில் கேமரா தரையோடு இருக்கிறது. காரணம் இருக்கிறது. இயக்குநரின் தாய் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவருக்கு ஆறு வயது, தரையில்தான் உட்கார்ந்திருந்தார். தாயின் பெயர், அந்த ஊர், அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி வரை சொன்னார்.

மரகதவல்லி முழுவதும் கேட்டார்.

"டைரக்டர் ஏன் அந்தக் காட்சியை எடுத்தாருன்னு சொல்றீங்க. நான் கேட்டது சங்கரபாண்டியன் சார் ஏன் அழுதாருன்னு."

"அவரா?" என்றார் ராயப்பன். யோசித்தார். "அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"அவர் வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ராயப்பன் கையிலிருந்த படக்குறிப்புத் தாளை மடித்தார்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

ராயப்பன் மடித்த தாளை மறுபடியும் மடித்தார்.

மரகதவல்லி கடைசி வயரையும் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். ஜன்னலைச் சாத்தினார்.

"சரி, வீடு எந்தத் தெருன்னாவது சொல்லுங்க சார்."

ராயப்பன் வாயைத் திறந்தார். அந்தத் தெரு அவருக்குத் தெரியவில்லை.